கம்பளிச் சட்டையில் பெண் பார்த்தல்

நுவரெலியாவிலிருந்து மாற்றலாகிக் கண்டிக்கு வந்திருக்கும் பக்கத்து வீட்டுக் கிளார்க்கர் குடும்பம், கம்பளி உடைகளைக் கைவிடுவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. குளிர் ஊரில் வாழ்ந்தவர்களின் அந்தஸ்து வெயிலில் கரைந்துவிடக் கூடாதாம்.

இன்று அவர்கள் மகளைப் பெண் பார்க்க, தரகரோடு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள்.

உள்ளறையிலிருந்து பெண்ணின் குரல் கேட்டது.

"அம்மா, வேர்த்துக் கொட்டுதும்மா. இந்தச் சட்டையக் கழட்டிடுறேனே."

"சும்மா இருடி! நுவரெலியாவுல வளர்ந்த புள்ளைன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

கோட்டும் மப்ளருமாகத் தகப்பனார் கதிரையில் அமர்ந்து, இந்த ஊர்க் காற்றில் நாகரிகமே இல்லை என்று வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

தேநீர் கொண்டுவந்த பெண் தட்டோடு மயங்கி விழுந்தாள்.

"இப்பிடி அடிக்கடி வருமாங்க?" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

"வெயில் எங்களுக்குப் பழக்கமில்லீங்க," என்றார் பெண்ணின் தாயார், பெருமையாக.

சம்பந்தம் வேண்டாமென்று தரகரிடம் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஊரான கலஹாவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள்.