வேண்டுதல் இல்லை, சும்மாதான்

‘மலை இறங்கியாயிற்று. பின் டயர் வெடித்தது. எனக்கு ஒன்றும் இல்லை. இனி கடல் வரை சமதரை.’

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கொல்லிமலை அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து என் சின்ன டைரியில் எழுதிய வரிகள் இவை. நாள், கிழமை குறித்து வைப்பது என் பழக்கம். எங்கள் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் வந்த நாள், நடவு தொடங்கிய நாள், பக்கத்து ஊர்ப் பாலம் திறந்த நாள் என்று கல்யாணமான வருஷத்திலிருந்து எழுதி வருகிறேன்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்கு மேற்கே, காவிரிக் கரையில் இருக்கிறது. கணவர் விவசாயி. மகன் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. கிளை நூலகத்தில் பயண நூல்கள் இருந்த அலமாரியை ஏறக்குறைய முடித்துவிட்டிருந்தேன். யாரோ எங்கோ போனதைப் படித்துப் படித்து, நாமும் ஒரு மலையில் ஏறி, அங்கிருந்து சைக்கிளிலேயே கடல் வரைக்கும் போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கொல்லிமலையில் ஆரம்பித்துக் கோடியக்கரையில் முடிப்பது என்று வழியையும் தீர்மானித்தேன். தஞ்சாவூரில் படிப்பு முடித்து ஊருக்குப் போன ஒரு மாணவரிடமிருந்து கியர் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் மேடு என்றால் அது பாலம்தான். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் ஐந்து ஆறுகள், ஐந்து பாலங்கள். மார்கழி முழுக்க அவற்றில் ஏறி இறங்கிப் பழகினேன். அதையே மலைக்கான பயிற்சி என்று நம்பினேன் என்றால், எங்கள் ஊர்க்காரர்களின் உயரம் பற்றிய அறிவு உங்களுக்குப் புரியும்.

கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. “ரெண்டு நாள்ல திரும்பி வருவ, பாரு” என்று மட்டும் சொன்னார். அறுவடை முடிந்து வைக்கோல் லாரிகள் நாமக்கல் பக்கம் போய்க்கொண்டிருந்த சமயம். அப்படிப் போன லாரி ஒன்றில் அவரே என் சைக்கிளைக் கட்டி ஏற்றிவிட்டார். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன்.

மலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறினேன் என்று சொன்னால் பொய். பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். இறங்குவது சுலபம் என்று நினைத்ததுதான் தப்பு. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடியே இறங்கினேன். கீழ்ப்பாதியில், ஒரு வளைவுக்குச் சற்று முன்னால், பின் டயர் பட்டென்று வெடித்தது. சைக்கிள் என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சாலையோரத் தடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றது. சுவருக்கு அந்தப்புறம் மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

பின்னால் அன்னாசிப் பழம் ஏற்றி வந்த வேன்காரர் வண்டியை நிறுத்தினார். சக்கர விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்து, சூடு தாங்காமல் கையை உதறினார்.

“பிரேக்கைப் புடிச்சுட்டேவா எறங்குனீங்க?”

“விட்டா ஓடிடுமே தம்பி.”

“விட்டு விட்டுப் புடிக்கோணுங்க்கா. எந்த ஊரு நீங்க?”

“தஞ்சாவூர்ப் பக்கம்.”

“அதானே பாத்தேன்” என்றார். சக்கரம் ஆறும் வரை காத்திருந்து, என்னிடம் இருந்த மாற்று டியூபைப் போட்டு, கிழிந்த டயருக்கு உள்ளே ஒரு ரப்பர் துண்டு வைத்துக் கொடுத்து, கீழே வரை என் பின்னாலேயே மெதுவாக வேனை ஓட்டி வந்தார். அவர் பேரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை. என் டைரியில் இருக்கும் பெரிய ஓட்டை அதுதான்.

அன்று சாயங்காலம் நாமக்கல்லில் புது டயர் மாட்டிக்கொண்டு மகனுக்குப் போன் செய்தேன். அப்பாவிடம் சொல்லாதே என்று சொன்னேன். அவன் உடனே சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு சமதரைதான். ஆனால் அங்கே வேறு விதமான மேடு காத்திருந்தது. நின்ற இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: “எந்தக் கோயிலுக்கும்மா?” எங்கள் பக்கத்தில் ஒருவர் நெடுந்தூரம் நடந்தோ சைக்கிளிலோ போனால் அது வேண்டுதலாகத்தான் இருக்கும். சமயபுரம், வேளாங்கண்ணி, நாகூர் என்று ஏதாவது ஒரு பேர் சொன்னால் போதும், உட்கார இடமும் குடிக்க மோரும் கிடைக்கும். நான், “கோயிலுக்கு இல்லைங்க, சும்மா கடல் வரைக்கும்” என்பேன். உடனே முகம் மாறும். முசிறியில் ஓர் ஓட்டல்காரம்மா பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “வீட்ல சண்டையா? போன் போட்டுத் தரவா?” என்று கேட்டார். பாவம், நல்ல மனசுதான். எனக்குத்தான் கோபம் வந்தது. சாமியும் கூப்பிடாமல், சண்டையும் போடாமல் ஒரு பெண் வாசலைத் தாண்டவே முடியாதா?

என் வழி சொந்த ஊருக்குள்ளேயேதான் போனது. வீட்டில் இறங்கினால் மறுபடி கிளம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் திருச்சியிலிருந்தே கணவருக்குப் போன் செய்து, “வாசல்ல நிக்க மாட்டேன், அப்படியே போயிடுவேன்” என்று சொல்லிவிட்டேன்.

“சொந்த வீட்டுல நிக்காம போறவள இப்பதான் பாக்கறேன்” என்றார். பிறகு, “சரி சரி, வா” என்றார். அந்த ‘வா’வில் ஏதோ இருந்தது.

கல்லணையைத் தாண்டி, பதினோரு மணி வாக்கில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். தெருவே வெளியில் நின்றது. கணவரின் அக்கா, என் அண்ணி, ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றார். பக்கத்தில் ஒரு குடத்தில் வேப்பிலை மிதக்கும் மஞ்சள் தண்ணீர். பாத யாத்திரை போகிறவர்களின் காலில் ஊற்றுவார்களே, அதே ஏற்பாடு. ஒருவர் பானகம் கரைத்து வைத்திருந்தார். கணவர் மட்டும் தள்ளி, டிராக்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

“மவன் நல்லா இருக்கணும்னு இந்த வயசுல சைக்கிள் மிதிக்கிறியே, எந்தத் தாய் செய்வா!” என்று அண்ணி கண்கலங்கினார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஊர் கேட்ட கேள்விக்குக் கணவர் பதில் சொல்லியிருக்கிறார். பெண்டாட்டி சும்மா சுற்றப் போனாள் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டுதல் என்று சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. தலையை ஆட்டினால் போதும். மஞ்சள் தண்ணீர், பானகம், மரியாதை எல்லாம் கிடைக்கும். கடல் வரைக்கும் யாரும் மறிக்க மாட்டார்கள். அப்போது எதிர்வீட்டுப் பெண் முன்னால் வந்தாள். அவள் மகள் நர்ஸ் படிப்பு முடித்து, வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். இவள் மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து கையில் வைத்திருந்தாள்.

“அக்கா, எம் மவளுக்கும் சேத்து வேண்டிக்குங்க. இவ்ளோ கஷ்டப்பட்டுப் போற ஒங்க வேண்டுதலு கட்டாயம் பலிக்கும்.”

அந்த முடிச்சைப் பார்த்த பிறகு என்னால் தலையாட்ட முடியவில்லை. என் பொய்யின் மேல் அவள் தன் மகளை ஏற்றி வைக்கிறாள்.

“இது வேண்டுதல் இல்ல” என்றேன். “எனக்கு மலையும் கடலும் பாக்கணும்னு இருந்துச்சு. சும்மாதான் போறேன்.”

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது.

“சும்மாவா?” என்றார் அண்ணி. “சும்மா யாராவது இவ்ளோ தூரம் மிதிப்பாங்களா?”

“அப்ப இந்த மஞ்சத் தண்ணிய என்னதான் பண்றது?” என்றார் பானகக்காரர்.

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் கணவரைக் கிளப்பியது. விறுவிறுவென்று வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

“எறங்கு. வேண்டுதல்னா போவலாம். சும்மாவுக்கு எதுக்குப் போவணும்? மல பாத்தாச்சுல்ல, கடல டிவில பாத்துக்க.”

“கையை எடுங்க.”

“எடுக்கலன்னா?”

நான் இறங்கினேன். சைக்கிளை அவர் கையிலேயே விட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு, கிழக்கே நடக்க ஆரம்பித்தேன். கடல் எத்தனை தூரம் என்று எனக்குத் தெரியும். நடந்தே போய்விடலாம் என்ற எண்ணமெல்லாம் இல்லை. நின்றால் தோற்றுவிடுவேன் என்பது மட்டும் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுப் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். “அக்கா, நீங்க சும்மாவே போங்க. போற வழியில கோயில் இருக்குல்ல? எம் முடிச்ச உண்டியல்ல போட்டுடுங்க. எனக்கு வேண்டுதலு, ஒங்களுக்குச் சும்மா.” முடிச்சை என் கையில் திணித்தாள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. “விடுடா தம்பி. தண்ணி சும்மாதான கெடக்கு, சைக்கிளுக்காவது ஊத்துறேன்.” தளும்புகிற சத்தமும் கேட்டது.

தெருக்கோடி வாய்க்கால் மதகுக்கு வந்தபோது பின்னால் சைக்கிள் உருளும் சத்தம். கணவர்தான் தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரமெல்லாம் மஞ்சள் தண்ணீர், கம்பியில் ஒரு வேப்பிலை. என் முகத்தைப் பார்க்கவில்லை. மதகுச் சுவரில் சைக்கிளைச் சாய்த்தார். பின் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“காத்து கொறைச்சலா இருக்கு. தஞ்சாவூர்ல அடிச்சுக்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மீதிப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். மன்னார்குடி வரை இரண்டு பக்கமும் அறுத்த வயலில் உளுந்துச் செடி. திருத்துறைப்பூண்டியைத் தாண்டியதும் கடல் காற்று எதிரே வந்து மார்பில் கை வைத்துத் தள்ளியது. அந்தக் காற்றுக்கு மலையே தேவலை. வேதாரண்யத்தில் கோயில் உண்டியலில் முடிச்சைப் போட்டேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை. உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள், “எந்தக் கோயிலுக்கு?” என்று கூவினார்கள். “சும்மா!” என்று நானும் கூவினேன். “போங்க போங்க, எங்களுக்கும் சேத்து மிதிங்க” என்று ஒருத்தி கையசைத்தாள்.

கோடியக்கரைக் காட்டுச் சாலையில் ஒரு மான் கூட்டம் எனக்கு வழி விடாமல் நின்று, நிதானமாகப் பார்த்துவிட்டு விலகியது. காட்டை ஒட்டிக் கண்ணுக்கெட்டிய வரை சேறும் தண்ணீரும், தூரத்தில் பறவைகள் வெள்ளைக் கோடாக. அதற்கு அப்புறம் கடல். முன் சக்கரத்தை அலையில் நனைத்தேன். மலையை விட்டு இறங்கியதிலிருந்து யாருக்கும் சொல்ல ஒரு காரணமும் இல்லாமல் அங்கே வந்து சேர்ந்திருந்தேன். அதைவிடப் பெரிய சுகம் எதையும் நான் அனுபவித்ததில்லை.

ஊர் திரும்பியதும் கணவர் பல நாள் தேவைக்கு மட்டும் பேசினார். பங்குனியில் உளுந்து பறித்துக் களத்தில் காயப் போட்டிருந்தபோது நானே கேட்டுவிட்டேன். “எதுக்கு ஊர்ல அப்படி ஒரு பொய் சொன்னீங்க?”

“பொய் இல்ல” என்றார் உளுந்தைக் கிளறிக்கொண்டே. “வேண்டுதல் இருந்துச்சு. ஒனக்கு இல்ல, எனக்கு. மலையில டயரு வெடிச்சுச்சுன்னு பையன் சொன்னான்ல, அன்னைக்கு வேண்டிக்கிட்டேன்.”

“எந்தச் சாமிக்கு?”

“அதெல்லாம் சொல்லக் கூடாது.”

“நிறைவேத்தியாச்சா?”

“நீதான் இன்னும் மிதிச்சுக்கிட்டே இருக்கியே. மொதல்ல நீ நிறுத்து.”

நான் நிறுத்தவில்லை, அதன் பிறகு பச்சைமலையும் போய் வந்தேன், கேட்டவர்களிடமெல்லாம் சும்மாதான் என்றே சொன்னேன். அவரவர் வேண்டுதலை அவரவர் வைத்துக்கொள்ளட்டும், என் பயணத்துக்கு யாரும் காரணம் எழுதித் தர வேண்டியதில்லை என்பதை என் சொந்தத் தெருதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது. கணவர் அன்று உண்மையிலேயே வேண்டிக்கொண்டாரா, அல்லது களத்தில் நின்றபோது அந்த நிமிஷம் தோன்றிய சமாளிப்பா என்பது மட்டும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.