நான் சொல்லாமல் விட்டது

யுத்த காலத்தில் கொழும்பு நீதிமன்றமொன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்த நான், கைதி ஒருவன் சொன்னதை நீதிபதிக்குச் சொல்லாமல் மறைத்தேன்.

அவன் யாழ்ப்பாணத்து இளைஞன். காணாமற்போன அண்ணனின் படத்தோடு கொட்டாஞ்சேனையில் ஆர்ப்பாட்டத்தில் நின்றபோது பொலிஸார் பிடித்திருந்தார்கள். சிங்களத்தில் எழுதிய குற்ற ஒப்புதலில் அவன் கையெழுத்து இருந்தது.

“அடிச்சுத்தான் ஐயா கையெழுத்து வாங்கினவை” என்றான்.

அவனைப் பிடித்த அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளவத்தையில் என் மகன் தமிழர்களுக்குக் கட்டாயமான பொலிஸ் பதிவில்லாமல் என்னோடு இருந்தான்; தெரிந்தால் அவனையும் பிடிப்பார்கள்.

“கையெழுத்து தன்னுடையதுதான் என்கிறார்” என்று சிங்களத்தில் சொன்னேன்.

சிங்களம் அறியாத அவன், நான் உள்ளபடி சொல்லிவிட்டதாக நம்பி என்னைக் கும்பிட்டான்.

வழக்கு இழுபட்டது. மகன் வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகு சிறைக்குச் சென்று அவனிடம் உண்மையைச் சொன்னேன். ஏசுவான் என்று நினைத்தேன். அவன் முகம் மலர்ந்தது.

“அப்ப நீதிபதிக்கு இன்னும் தெரியாதோ ஐயா? தெரிஞ்சா விட்டிருவார். போய்ச் சொல்லுங்கோ.”

நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னேன். என் வேலை போனது. நீதிபதி பொறுமையாகக் கேட்டார். காலம் கடந்து சொன்னதை ஏற்க முடியாது, ஒப்புதல் செல்லும் என்றார்.

என் இடத்துக்கு வந்த புதியவர் அந்தத் தீர்ப்பை ஒரு சொல்லும் விடாமல் அவனுக்குத் தமிழில் சொன்னார். அவன் அவரையும் கும்பிட்டான்.