நான் வெட்டிய ஒன்பது விநாடி

காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மின்னணுவியல் சொல்லிக்கொடுப்பவன் நான். பெயர் வெற்றிவேல், வெற்றி பெயரோடு சரி. 2007-ல் எனக்கு ஒரு ஞானோதயம் ஏற்பட்டது. தைராய்டு சுரப்பு குறைந்தால் குரல் கம்மிவிடுகிறதே, அந்தக் கம்மலைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்கிவிட்டால் என்ன? முனைவர் பட்டமே கைக்கு வந்துவிட்டதாக நினைத்து, 'டாக்டர்' போட்டுக் கையெழுத்துகூடப் பழகினேன்.

தாம்பரத்தில் ஒரு மருத்துவர் தயவில் இருபது நோயாளிகளின் குரல் கிடைத்தது. மைக் முன்னால் ஐந்து விநாடி 'ஆ' என்று இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர்கள் இருபது பேர் வேண்டுமே? அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவையே பிடித்து உட்கார வைத்தேன். என் மனைவி சாமுண்டீஸ்வரி, கோவளத்திலிருந்து வந்து மீன் விற்கும் முத்தாலம்மாள், யாரையும் விடவில்லை. யாருக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது. பார்த்தால் எனக்குத் தெரியாதா?

கணினி முப்பத்தெட்டுப் பேரைச் சரியாகச் சொன்னது. நல்ல உடம்புக்காரர்களில் இரண்டு பேரை மட்டும் நோயாளி என்று அடம்பிடித்தது: முத்தாலம்மாள், சாமுண்டீஸ்வரி.

முத்தாலம்மாள் விஷயத்தில் கணினியை உடனே நம்பினேன். மனைவி விஷயத்தில் நம்பவில்லை. பதினான்கு வருஷமாகக் கூடவே இருப்பவனைவிட இதற்கு அதிகம் தெரியுமா? 'மைக் கோளாறு' என்று குறித்துவிட்டு அவள் குரலை நீக்கினேன். கணினியின் மதிப்பெண் ஏறியது. எனக்கு நானே கைகுலுக்கிக்கொள்ளாத குறை.

முத்தாலம்மாளை நச்சரித்து ரத்தம் கொடுக்க வைத்தேன். ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது. அடுத்த நாள் வாசலில் கூடையை இறக்கியவளிடம் அசடு வழியச் சொன்னேன்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லையாம், அம்மா."

"அத்த அன்னிக்கே சொன்னேனே சார். முப்பது வருசமா தெருத்தெருவா கூவிகினு கீறேன், தொண்ட கட்டாம இன்னா பண்ணும்?" என்றவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "உன் வூட்டம்மா கூவறதே இல்லியே. அதுக்கு ஏன் சார் கட்டிக்கினு கீது?"

எனக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் வந்தது. கணினியும் மீன்காரம்மாவும் பேசி வைத்துக்கொண்டது போல ஒன்றையே சொன்னால் யாருக்குத்தான் வராது?

மறுநாளே சாமுண்டீஸ்வரிக்கு ரத்தம் எடுத்தோம். தைராய்டு குறையக் குறைய ஏறும் டி.எஸ்.எச். என்ற அளவு நான்கைத் தாண்டக் கூடாது; அவளுக்கு அறுபத்தெட்டு. நோயாளியைத் தேடித் தாம்பரம் முழுக்க அலைந்தவன் நான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஒரு வருஷம் இருக்கும் டாக்டர். இவர்கிட்ட சொன்னேனே" என்றாள், அந்தக் கம்மிய குரலில்.

எப்போது சொன்னாள்? சத்தியமாக எனக்கு நினைவில்லை. மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், நீக்கிய அவள் குரலைத் தேடினேன். 'ஆ' மட்டும் போதும் என்பதால், முன்னும் பின்னும் உள்ள பேச்சைத் தேவையற்ற சத்தம் என்று வெட்டிவிடுவது என் வழக்கம். வெட்டாத பதிவு ஒரு சிடியில் இருந்தது. போட்டுக் கேட்டேன். 'ஆ'வுக்கு முன்னால் ஒன்பது விநாடி அவள் பேசியிருந்தாள்.

"ரொம்ப அசதியா இருக்குங்க. சித்திரை வெயில்லயும் குளிருது. ஒருநாள் டாக்டர்கிட்ட போலாமா?"

அடுத்து என் குரல், கணீரென்று, ஒரு குறையும் இல்லாமல்:

"அதெல்லாம் அப்புறம். 'ஆ' சொல்லு."