கழனித்தண்ணிக்கு ஆளில்லாத ஊர்

குப்பைத்தொட்டி என்னை நாடு கடத்திவிடும் என்று மூன்று வாரம் முழுக்க நம்பினேன். நாற்பத்தெட்டு வயது, கோயமுத்தூர் பம்புசெட் கம்பெனியில் இருபது வருட அனுபவம், பிளஸ் டூ படிக்கும் மகள், இத்தனையும் உள்ள ஆள்தான் நம்பினேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இப்போது நானும் சிரிக்கிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

தென்கொரியாவில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் மிச்சச் சோற்றை நினைத்த இடத்தில் கொட்ட முடியாது. கீழே கார் நிறுத்துமிடத்தின் ஓரமாக ஓர் இயந்திரத் தொட்டி நிற்கிறது. வீட்டுக்கென்று கொடுத்த அட்டையைக் காட்டினால் வாயைத் திறக்கும். கொட்டியதும் மூடிக்கொண்டு, வீட்டு எண்ணையும் எடையையும் பளிச்சென்று காட்டும். பின்னால் நிற்பவர்களும் படிக்கலாம். ஒரு நாள் காலை எனக்கு முன்னால் ஒரு பெண் கொட்டினார். நாலு பேர் இருக்கும் வீடு. அரைக் கிலோகூட வரவில்லை. அடுத்து நான், ஒண்டி ஆள். நாலு கிலோ. வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து எண்ணைப் படித்தார்கள்.

நாலு கிலோ வந்ததற்குக் காரணம் கோயமுத்தூர். சரவணம்பட்டியில் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே எப்போதும் ஒரு பக்கெட் இருக்கும். அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், நேற்றைய சோறு எல்லாம் அதில்தான். காலையில் மாடு வைத்திருக்கும் சரசக்கா மொபெட்டில் வந்து ஊற்றிக்கொண்டு போவார். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒரு பக்கெட் வைத்து, கழுவிய தண்ணீரோடு கொண்டுபோய் இயந்திரத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் ஒட்டப் பிழிந்து போடுகிறது; நான் மாட்டுக்குக் கழனி காட்டுகிறேன். இயந்திரம் மாடு இல்லை. அது தண்ணீரையும் சேர்த்து எடை போட்டது.

தண்ணீர் பாதி என்றால் மீதி சோறு. போன ஜூனில் மகளின் படிப்புக்காக என் மனைவி கவிதாவும் அவளும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். நான் அதன் பிறகும் ரெண்டு டம்ளர் அரிசியைத்தான் அளந்துகொண்டிருந்தேன்.

"ஏனுங்க, ஒத்தை ஆளுக்கு எதுக்குங்க ரெண்டு டம்ளரு?" என்பாள் கவிதா போனில்.

"யாராச்சும் வந்தா, அம்மணி?"

"அங்க யாருங்க வாரது?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிடுவேன். அரை டம்ளர் போட்டுப் பார்த்திருக்கிறேன். குக்கரின் அடியில் ஒரு கைப்பிடி சோறு கிடந்தது. அதைப் பார்த்தபடி சாப்பிட முடியவில்லை. ரெண்டு டம்ளருக்கே திரும்பிவிட்டேன்.

நாலு கிலோ கொட்டிய அதே வாரம் லிஃப்டில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டினேன். 'உணவுக் கழிவு அதிகமான வீடுகள் கவனிக்கப்படுகின்றன' என்றது. அடுத்த மாதம் என் விசா புதுப்பிப்பு. வாசலில் காவலுக்கு இருக்கும் பெரியவர் – இங்கே எல்லோரும் அவரை அஜோஸ்ஸி என்று கூப்பிடுவார்கள் – என்னைப் பார்த்ததும், "பாப் மொகொஸ்ஸோயோ?" என்று கேட்டுவிட்டு நோட்டில் எதையோ குறித்தார். குடும்பத்தோடு இங்கே இருந்த மூன்று வருடமும் கொரிய மொழி பேசியதெல்லாம் கவிதாவும் மகளும்தான். 'பாப்' என்றால் சோறு என்பது மட்டும் எனக்குத் தெரியும். சோற்றைப் பற்றிக் கேட்கிறார், எழுதிக்கொள்கிறார். முடிந்தது. விசா அதிகாரி மேசையில் என் நாலு கிலோ இருக்கும். மகளின் காலேஜ் போச்சு. பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அன்றிலிருந்து தொட்டிப் பக்கமே போகவில்லை. ஆக்கிய அரிசிம்பருப்புச் சாதத்தை மூன்று வேளையும் தின்றேன். மிஞ்சியதை டப்பாக்களில் போட்டு உறையவைத்தேன். வாழைப்பழத் தோலையும் வெங்காயச் சருகையும் பால்கனியில் கருவாடு போலக் காயப்போட்டேன். இரண்டு வாரத்தில் ஃப்ரீசர் கதவு மூடவில்லை. நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தேன். அந்த நாற்காலியில்தான் மகள் உட்கார்ந்து சாப்பிடுவாள். எப்படியும் காலியாகத்தானே கிடந்தது.

முட்டுக்கொடுத்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும்போது சரசக்கா நினைவுக்கு வருவார். பக்கெட்டைப் பார்த்தே தெருவின் கதையைச் சொல்வார் அவர். "புதுசாக் கண்ணாலமானவங்க ஊட்டுல ஆக்குனது அப்படியே வருதுங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, பசிச்சா ஓட்டல்ல வாங்கிக்கறாங்க. கோடி ஊட்டுப் பெரியவங்க ரெண்டு பேரு, தோலு தவுர ஒண்ணு வராதுங்க. புள்ளைங்க இருக்கற ஊடுதானுங்க நம்ம மாட்டுக்கு ராசி." ஒருமுறை எனக்கும் கவிதாவுக்கும் சண்டை. இருவரும் சாப்பிடாமல் படுத்துவிட்டோம். காலையில் பக்கெட்டைத் தூக்கியவர் நடுத்தெருவில் நின்று, "ஏனுங் தம்பி, சண்டைங்களா? சட்டியோட வந்திருக்குது!" என்றார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை காலை, கதவு தட்டப்பட்டது. ஓட்டை வழியாகப் பார்த்தேன். அஜோஸ்ஸி. கூடவே அலுவலக உடையில், கையில் பட்டியலோடு ஒரு பெண். நான் திறக்கவில்லை. உள்ளே ஓடி பாஸ்போர்ட், வீட்டு ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாம் இருக்கும் ஃபைலை எடுத்தேன். இப்போது கதவைப் பலமாகத் தட்டினார்கள். அஜோஸ்ஸியின் குரல் உடைந்து கேட்டது. திறந்து, ஃபைலை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று தடவிப் பார்த்தார். "பாப் மொகொஸ்ஸோயோ? பாப் மொகொஸ்ஸோயோ?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நாற்காலியை நகர்த்தி ஃப்ரீசரைத் திறந்து காட்டினேன். டப்பா ஒன்று விழுந்து உருண்டது. அந்தப் பெண் கைப்பேசியில் ஏதோ சொல்லி என் பக்கம் திருப்பினார். அது உணர்ச்சியே இல்லாத தமிழில் வாசித்தது.

பிறகு கவிதாவிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அது நம்மூரு 'சாப்டீங்களா' தானுங்க. பாக்கறப்பெல்லாம் என்னையுங் கேப்பாரு," என்றாள். சிரிக்காமல் தொடர்ந்தாள்: "சரசக்காளும் கேட்டாங்க. 'சார் இன்னும் வல்லீங்களா, பக்கெட்டு ரெண்டு பேரு அளவுதானுங்க இருக்குது'ன்னு."

ஊரில் ஒரு பக்கெட்டில் நான் குறைகிறேன். இங்கே ஒரு தொட்டியில், இப்போது எல்லோரையும்போலப் பிழிந்து போட்ட பிறகும், மூன்று பேராக விழுகிறேன்.

விசா வழக்கம்போலப் புதுப்பிக்கப்பட்டது. தொட்டிக்கும் அந்த அலுவலகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அஜோஸ்ஸி நோட்டில் எழுதுவது கார் எண்களை. தனியாளாக இருப்பவரின் அட்டையில் மூன்று வாரமாக ஒன்றுமே விழாததால், உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க வந்தார்கள். இருந்தேன்.