பொட்டு வைத்த பாட்டுப்பெட்டி

அந்தப் பாட்டுப்பெட்டியை நான் முதலில் கண்ணால்தான் கேட்டேன். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் விடமாட்டார். "அப்புறம் காது எதுக்கு? கம்மல் போடறதுக்கா?" என்பார்.

நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். மெஷின் ஓடும்போது பக்கத்தில் பாட்டும் ஓட வேண்டும், இல்லையென்றால் கை தூங்கிவிடும். எங்கள் பழைய பிளாஸ்டிக் செட் ஒருநாள் கரகரவென்று இருமிவிட்டு அடங்கிப்போனது. தசராவுக்குப் புதுசு வாங்கலாம் என்று வீட்டுக்காரர் கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே சுவரெல்லாம் கறுப்பு. சின்னதும் கறுப்பு, பெரியதும் கறுப்பு, டிவிக்குக் கீழே நீட்டிப் படுத்துக்கொள்வதும் கறுப்பு.

"வேற கலரே கிடையாதுங்களா?" என்றேன்.

கடைக்காரர் ஒரு பொத்தானை அமுக்கினார். கறுப்புக்குள்ளிருந்து நீலமும் பச்சையும் சிவப்புமாக விளக்குகள் சுற்றின. "நோடி மேடம், பாருங்க, எல்லாக் கலரும் இருக்கு."

"தசரா லைட்டிங் பாக்க ஊரே வெளியில போகுது. எனக்கு வீட்டுக்குள்ளயும் வேணுமா?" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்காரர் மனசு மட்டும் அந்த நீளமான கறுப்பிடமே தங்கிவிட்டது.

அந்த வாரம் பக்கத்துத் தெரு ஆன்ட்டிக்கு பிளவுஸ் கொடுக்கப் போனேன். அவர்கள் கன்னடக்காரர்கள். பெங்களூரில் மகன் வாங்கியிருக்கும் ஃபிளாட்டுக்குக் குடிபோவதற்காகப் பாதி வீட்டை அட்டைப்பெட்டிகளில் கட்டி வைத்திருந்தார்கள். கட்டாமல் ஹாலில் நின்றது ஒன்றே ஒன்று. நடுவில் ஆம்ப்ளிஃபயர், இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்கு ஸ்பீக்கர்கள். மூன்றும் மரம்.

கையில் இருந்த பிளவுஸைக் கொடுக்க மறந்து நின்றேன். வெல்லப்பாகு கொதித்துக் கெட்டியாகும்போது ஒரு நிறம் வருமே, அந்த நிறம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆற்றுத் தண்ணீர் வடிந்த பிறகு மணலில் வரிவரியாகத் தெரியுமே, அந்த மாதிரி ரேகைகள். முகப்பில் முரட்டு நெசவில் ஒரு துணி, அதுவும் சந்தன நிறத்தில். தையல்காரியின் மனசு சும்மா இருக்குமா?

"அங்கிள், தொட்டுப் பாக்கட்டுமா?" என்றேன் ஆன்ட்டியின் கணவரிடம்.

அங்கிளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ரிட்டயர் ஆன மனிதர், அதிகம் பேசமாட்டார். "வாங்க வந்தவன் எல்லாம் எத்தனை வாட்ஸ்னு கேக்கறான். ஒருத்தன் உள்ளே இருக்கறதை எடுத்துப் போட்டுட்டு புளூடூத் வெக்கலாமான்னு கேக்கறான். நீங்கதான் மொதல்ல மரத்தைத் தொட்டீங்க."

"என்ன பாலிஷ் அங்கிள்?"

"பாலிஷே கிடையாது. வெறும் எண்ணெய். அதனாலதான் கை வெச்சா மரம் மாதிரியே இருக்கு. ஆனா எது பட்டாலும் குடிச்சுடும், ஜாக்கிரதை."

மகன் வீட்டு ஹாலில் அதற்கு இடமில்லையாம். தசரா முடிந்ததும் பழைய சாமான் கடைக்காரர் எடுத்துப்போக ஏற்பாடாகியிருந்தது. அங்கிள் என்னையும் மரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "அதுவரைக்கும் உங்க வீட்டுல இருக்கட்டும். விஜயதசமி முடிஞ்சு வந்து பாப்பேன். நல்லா இருந்தா உங்களுக்கே. மேலே காபி டம்ளர், பூத்தொட்டி, மடிச்ச துணி எதையாவது பாத்தேன், நேரா கடைக்காரனுக்குத்தான்."

உள்ளேயிருந்து ஆன்ட்டி சிரித்தார். "இந்த வீட்டுச் சட்டத்தை எல்லாம் நீங்களே எடுத்துட்டுப் போங்கம்மா. நான் இனிமே நிம்மதியா இருப்பேன்."

ஆட்டோவில் வைத்து, வழியெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏம்புள்ள, ஸ்பீக்கர் வாங்கிக்கறேன்னு போட்டு பீரோவக் கொண்டாந்திருக்கறே?"

"கேட்டுத்தான் பாருங்களேன்."

ஒரு பாட்டு முழுசும் கேட்டார். "பாட்டு எதுலயும் பாட்டுத்தான். கண்ண மூடிட்டுக் கேளு, இது மரமா பிளாஸ்டிக்கான்னு உன்னால சொல்ல முடியுமா?"

"கண்ண ஏனுங்க மூடணும்? சோறு திங்கறப்ப மூக்க மூடிட்டா திங்கறோம்?"

"சரி, தசரா போகட்டும். அவரே வந்து எடுத்துட்டுப் போயிருவாரு. அப்புறம் அந்த நீளமானதுதான்" என்று முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் காவல்காரி. தசரா பார்க்க ஹனூரிலிருந்து சின்னம்மா வந்தார். வந்ததும் ஸ்பீக்கரின் நாலு பக்கமும் தடவி, "கதவு எங்க புள்ள வெச்சிருக்கறாங்க?" என்று கேட்டார். அது திறக்காது என்றேன். "தொறக்காத பீரோவ வெச்சுட்டு என்ன பண்றது?" என்று முந்தானையால் முகம் துடைத்துவிட்டுத் தன் பையை அதன்மேல் வைக்கப் போனார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். சின்னம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எனக்கோ அந்த நாட்கள் பண்டிகைக்கு மேல் பண்டிகை. காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து மரத்தில் படும்போது ரேகைகள் எல்லாம் கண் விழிக்கும். கறுப்புப் பெட்டி நம்மிடம் ஏதோ வேலையாக வந்த ஆபீசர் மாதிரி நிற்கும். இது அப்படியில்லை, எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த வீட்டில் இருந்தது மாதிரி நின்றது. அதை விட்டுக்கொடுக்க வேண்டி வருமோ என்று நினைத்தாலே ஊசியில் நூல் கோக்க வராது.

ஆயுத பூஜை வந்தது. வீட்டுக்காரர் வேலை பார்ப்பது ஒரு ஃபேக்டரியில். அங்கே அன்றைக்கு ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைப்பது அவருடைய பங்கு. சின்ன டிரில்லைக்கூட விடமாட்டார். அந்த வேகத்தோடேயே வீட்டுக்கு வந்தார். நான் வாசலில் பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு உள்ளே வந்தால் கேஸ் அடுப்பு, மிக்ஸி, ஃபிரிட்ஜ், என் தையல் மெஷின், கத்தரிக்கோல், இஸ்திரிப்பெட்டி எல்லாம் பொட்டும் பூவுமாகக் குளித்து எழுந்த பிள்ளைகள் போல இருந்தன. அந்த வரிசையில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர்!

"ஏனுங்க! அது எண்ணெய் குடிச்ச மரமுங்க!"

துணியை எடுத்துத் துடைத்தேன். சந்தனம் வந்தது. குங்குமம் வரவில்லை. அழுத்தித் துடைத்தால் இன்னும் உள்ளே போனது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"மெஷினுன்னா பொட்டு வெக்காம எப்படிப் புள்ள? எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு இத மட்டும் உட்டா, அது என்ன நெனைக்கும்?"

அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்தது. பத்து நாளாகப் பீரோ என்றவர், அது நினைக்கும் என்கிறாரே!

விஜயதசமிக்கு மறுநாள் அங்கிளும் ஆன்ட்டியும் வந்தார்கள். பொட்டை மறைக்க மேலே ஒரு துணியைப் போடலாமென்றால், துணி போடக்கூடாது என்பதுதானே சட்டம். அதனால் மூன்று பெட்டிகளும் நெற்றியில் பொட்டோடு அவர்களைப் பார்த்து நின்றன.

அங்கிள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். கட்டைவிரலால் தேய்த்தார். ஆன்ட்டி கைகொட்டிச் சிரித்தார். "வருஷா வருஷம் நான் குங்குமக் கிண்ணத்தோட வருவேன். இவர் ரெண்டு கையையும் விரிச்சுட்டு முன்னாடி நிப்பார். கடைசியில யாரு ஜெயிச்சது?"

"நாந்தானுங்க" என்றார் வீட்டுக்காரர், தப்பு செய்தவர் குரலில்.

அங்கிள் நிமிர்ந்தார். "உப்புத்தாள் போட்டு மெதுவா இழைச்சா போயிடும். கடைக்காரன்கிட்ட சொல்லி எடுத்துட்டுப் போய்..."

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் அங்கிளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் போய் நின்றுவிட்டார்.

"அது ஆகாதுங்க சார். பூஜை பண்ணினத இழைச்சு, கடைக்குத் தூக்கிட்டுப் போறதுங்களா? எங்க ஃபேக்டரில ஓடாத மெஷினுக்குப் பொட்டு வெச்சாக்கூட, அப்புறம் அதத் தூக்கிப் போட மனசு வராதுங்க."

"உங்களுக்கு இது பிடிக்கலேன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களே?"

"புடிக்கறது வேறங்க சார். இது வூட்டு மெஷின் ஆகிப்போச்சுங்க."

அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றதை அப்போதுதான் கவனித்தேன். ஆன்ட்டியும் கவனித்துவிட்டார். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

அங்கிள் நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு பாட்டு போடுங்க" என்றார். வீட்டுக்காரரே குமிழைத் திருப்பினார். பாட்டு முடியும்வரை அங்கிள் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார், மரத்தைப் பார்த்தபடி. பிறகு தன் பைக்குள் கைவிட்டு ஒரு பாட்டில் எண்ணெயையும் மடித்த மெத்துத் துணியையும் எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். வரும்போதே கொண்டுவந்திருக்கிறார், மனுஷர்!

"மாசம் ஒரு தடவை போடுங்க. பொட்டைச் சுத்திப் போடுங்க, மேல வேண்டாம்" என்றார்.

எண்ணெய் போடுவது இப்போது வீட்டுக்காரர் வேலை. பாட்டு எதிலும் பாட்டுத்தான் என்று சொல்லிக்கொண்டேதான் போடுவார். போன வாரம் சின்னம்மா ஹனூரிலிருந்து போன் செய்து, "அந்தப் பீரோ தொறந்துதா புள்ள?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் போனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"அது பீரோ இல்லீங்க அத்தை, மரமுங்க! வந்து கண்ணால பாத்துட்டுப் பேசுங்க!"