கலண்டர்த் தாளில் ஒரு ஊர்

அது ஒரு கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்த ஊர். நாற்பத்தொரு வீடுகள், ஒரு தேவாலயம், அதன் முன்னால் ஒரு லிண்டன் மரம். மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடுகிறது. நாலாவது பக்கம் செங்குத்தான மலை. உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே ஒரு கல்பாலம். மரம் இருக்கும் இடத்தில் மட்டும் தாள் கிழிந்திருக்கிறது. அதை என் நாட்குறிப்பில் ஒட்டியவன் நான்தான். ஏன் ஒட்டினேன் என்பதை இதுவரை எங்கும் எழுதவில்லை.

வரைந்தவர், நான் புலம்பெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில், நிலத்தடி பேஸ்மென்றில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. ஜெர்மனியில் பிறந்தவர். அன்ரி என்றுதான் கூப்பிடுவேன்.

வன்னியில் போர் முடிந்த அந்த மே மாதம், இடுப்பளவு தண்ணீரில் களப்பைக் கடக்கும்போது என் அண்ணை இறந்தார். முகாமிலிருந்து அண்ணி தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, ஆமிக்காரன் முன்னுக்கு நிண்டவன். வெடி பின்னாலயிருந்துதான் வந்தது. போகவிடமாட்டம் எண்டு எங்கட இயக்கப் பெடியள்தான் சுட்டவங்கள். பிள்ளையை நெஞ்சோட பிடிச்சிருந்தவர். அதால அவள் தப்பிட்டாள்."

மரண அறிவித்தல் எழுத உதவ வந்த நண்பர் என் பேனையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கென்ன விசரே? ஷெல் விழுந்து எண்டு போடு. உதை எழுதினா நாளைக்கு உன்ர வாசலுக்கு நாய்கூட வராது." ஆமி அடித்த ஷெல் விழுந்து என்றே எழுதினேன். அதே வரியை நாட்குறிப்பிலும் எழுதினேன். இருபது வருடத்தில் அதில் நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அது.

மறுநாள் காலை அன்ரி சூப்புடன் கீழே வந்து, எப்படி இறந்தார் என்று கேட்டார். ஷெல் என்றேன். அவர் சூப்பை வைத்துவிட்டு, சுவர்க் கலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்தெடுத்து வரையத் தொடங்கினார். வரைந்தபடியே பேசினார். அவர்களுடைய போரின் கடைசி வாரம். எதிரியின் டாங்கிகள் பாலத்துக்கு அப்பால் நின்றன. ஊர் எரியக்கூடாதென்று அவருடைய தந்தை மாடி ஜன்னலில் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டார். சொந்தப் படையினரே அவரைத் தெருவால் இழுத்துப்போய், அதே விரிப்பை முறுக்கி லிண்டன் மரத்தில் தூக்கிலிட்டார்கள். கால்கள் உதறி ஓய வெகுநேரம் பிடித்தது. முடிச்சுப் போட்டவர் அடுத்த வீட்டில் பாண் சுட்டு விற்ற வெதுப்பகக்காரர். டாங்கிகள் பாலத்தைக் கடக்க இன்னும் நான்கு மணித்தியாலமே இருந்தது.

"பிறகும் அவரிடம்தான் பாண் வாங்கினோம்," என்றார். "அம்மா வெளியூரார் எல்லோரிடமும் ஷெல் என்றுதான் சொன்னாள். நீ இப்போது சொன்ன அதே குரலில்." மரத்தின் மேல் அழுத்திய பென்சில் தாளைக் கிழித்தது.

பொய்யைத் திருத்த எனக்குத் துணிவு வரவில்லை. அந்தப் படத்தை அதன் மேல் ஒட்டி மூடினேன். ஓரங்களை அளந்துதான் ஒட்டினேன். அப்படியும், கிழிசலுக்குள்ளே 'ஷெல்' என்ற சொல் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, அண்ணியோடு இந்த நாட்டுக்கு வந்து வளர்ந்த அண்ணையின் மகள் விட்பியிலிருந்து வந்தாள். "சித்தப்பா, ஷெல் எண்டா, என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர் செத்து, எனக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் எப்பிடி? அம்மாட்டைக் கேட்டா எழும்பிப் போயிடுறா. நீங்களாவது சொல்லுங்கோ."

நாட்குறிப்பைத் திறந்தேன். ஆறு, பாலம், ஜன்னல், மரம் என்று அன்ரியின் ஊரைக் காட்டிக்கொண்டே வந்தேன். பிறகு களப்பைச் சொன்னேன். பின்னாலிருந்து வந்த வெடியைச் சொன்னேன். அவள் அழவில்லை. மேசையிலிருந்த பேனையை என் பக்கம் தள்ளினாள்.

மரம் நின்ற கிழிசலுக்குள் பேனையை விட்டு, அந்த ஒரு சொல்லை வெட்டினேன்.