வாடாத வாழை

கழிவுக்குழாய் ஒழுகினால் லுசாகாவில் யார் உடனே ஆள் தேடுகிறார்கள்? நாற்றம் தெருவுக்கு வரும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டே காலத்தை ஓட்டுவார்கள். குழாய் ரிப்பேர்க்காரர் கபாம்பாவுக்கு அந்த எரிச்சல் எப்போதும் உண்டு. சோலாவின் அம்மா வீட்டிலும் அதே கதைதான்.

அங்கே மழைக்கு முந்தைய அக்டோபர் வெயிலில் முற்றமெல்லாம் கருகிக் கிடந்தது. கழிப்பறைக்குப் பின்னால் ஒரு வாழை மட்டும் தளதளவென்று நின்றது. ஒழுகும் இடத்தை அவர் அதற்கு மேல் தேடவில்லை.

"அதுகிட்ட போகாத தம்பி. எம் பொண்ணு நட்டது. எல்லாம் காஞ்சும் அது மட்டும் காயல, பாத்தியா? அவதான் காப்பாத்துறா" என்றாள் சோலாவின் அம்மா.

சோலா போன மழைக்காலத்தில் காலராவில் இறந்தவள்.

கபாம்பா வாழையடியில் தோண்டினார். குழாயின் மூட்டு பிளந்து, வேர்கள் உள்ளே புகுந்திருந்தன. அங்கிருந்து கறுத்த சேறு வீட்டுக் குடிநீர்க் கிணற்றுப் பக்கமாக இறங்கியிருந்தது.

"எப்பலேருந்து ஒழுகுது?" என்றாள் அவள்.

"இந்த மாசந்தான் சோலாம்மா. வெயில்ல விரிசல் விட்டிருக்கும்."

அவள் குழியோரம் உட்கார்ந்து கிணற்றைப் பார்த்தாள்.

"எதுக்குப் பொய் சொல்ற? 'இங்க மண்ணு எப்பவும் ஈரமா இருக்கும்மா'ன்னு சொல்லித்தானே இந்த இடத்துல நட்டா. கெட்டிக்காரிடீன்னு நானும் மெச்சுனேன்."